வீட்டுக்கு வந்த குழந்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டும்: ஆய்வுகளை வளர்ப்புக்குப் பயன்படுத்துவது எப்படி?

மகள் எங்கள் வீட்டுக்கு வந்த ஒன்பதாவது நாள், தலையணை உறையை மாற்றும்போது உள்ளிருந்து அரை இட்லி விழுந்தது. காய்ந்து கல்லாகியிருந்தது. அப்போது அவளுக்கு மூன்றேகால் வயது. அன்று காலையில்தான் என் அத்தை போனில் "பிள்ளை நல்லா சாப்பிடுதா?" என்று கேட்டதற்கு, "வஞ்சனை இல்லாம சாப்பிடுறா" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

அன்றிரவு கணினி முன்னால் உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி இரண்டு. அடுத்த ஆறு மாதம் கண்டதையெல்லாம் படித்தேன். பாதி என்னைப் பயமுறுத்தியது. கால்வாசிக்கும் எங்கள் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மீதிக் கால்வாசி உண்மையாகவே உதவியது. அந்தக் கால்வாசியை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தத்தெடுத்தவர்களுக்கு, வளர்ப்புப் பராமரிப்பில் (தத்தெடுக்காமல், அரசு ஏற்பாட்டில் தம் வீட்டில் வளர்ப்பது) குழந்தையை ஏற்றவர்களுக்கு, அக்கா பிள்ளையையோ பேரனையோ பொறுப்பேற்று வளர்ப்பவர்களுக்கு, எல்லோருக்கும் இது ஆகும். என் மகளின் பெயரோ, எந்த ஊர் இல்லத்திலிருந்து வந்தாள் என்பதோ இதில் வராது. அது அவளுடைய கதை. சொல்வதா வேண்டாமா என்று பெரியவளானதும் அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் உருப்படியான சோதனை ஆய்வு எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். அதில் மாற்றிப் பார்த்தது குழந்தையைச் சுற்றியிருந்த பெரியவர்களைத்தான். இல்லத்து ஆயா கையிலிருந்து ஒரு வீட்டுக்கு மாற்றினார்கள், அல்லது வீட்டில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். ஆகவே ஒரு கட்டுரையைப் படித்து முடித்ததும் "என் பிள்ளைக்கு இது இருக்குமோ?" என்று கேட்டால் தூக்கம்தான் போகும். "நாளைக் காலையில் நான் எதை வேறு மாதிரி செய்யலாம்?" என்று கேட்டால் வேலை நடக்கும்.

முதல் படி: காகிதம், அப்புறம் ஆயா

மத்திய அரசின் தத்து ஆணையமான காரா வழியாகத் தத்தெடுக்கும்போது குழந்தையின் பின்னணி அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் கைக்கு வரும். பலரும் எடை, உயரம், ரத்தப் பரிசோதனையை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் போட்டுவிடுவார்கள். பின்னால் எந்த ஆய்வைப் படித்தாலும் உங்களுக்குத் தேவைப்படப்போவது வேறு தகவல்கள். எந்த வயதில் இல்லத்துக்கு வந்தது? அதுவரை யாரிடம் இருந்தது? மொத்தம் எத்தனை இடம் மாறியது? அறிக்கையில் இல்லாவிட்டால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இடமாற்றக் கணக்கு ரொம்ப முக்கியம். அமெரிக்காவில் வளர்ப்புக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் காட்டாத குழந்தைகளிடம்கூட, வீடு மாற மாற நடத்தைச் சிக்கல்கள் கூடியது தெரிந்தது.

காகிதத்தில் வராததை ஆயாவிடம் கேளுங்கள். எப்படித் தூங்கும், எதற்குப் பயப்படும், அங்கே என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், யாரோடு ஒட்டுதல். நாங்கள் கேட்டபோது அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "விளக்கை மட்டும் அணைக்காதீங்க சார், இங்க அணைக்கவே மாட்டோம்" என்றார். எந்த அறிக்கையிலும் இல்லாத வரி அது. முதல் வாரம் முழுக்க எங்களைக் காப்பாற்றியதும் அதுதான். குழந்தை போட்டிருந்த துணியில் ஒன்றைத் துவைக்காமல் வாங்கி வாருங்கள். வாசனை பழகியதாக இருக்கும்.

2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவைப் பிறப்பிப்பது நீதிமன்றம் இல்லை, மாவட்ட ஆட்சியர். குழந்தை வந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வீட்டை ஒட்டடை அடித்து வைத்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்குங்க" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். சந்தேகங்களைக் கேட்க இலவசமாகக் கிடைக்கும் ஆள் அவர்.

வளர்ப்புப் பராமரிப்பு என்றால் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு தயாரிக்கும் குழந்தையின் தனிப் பராமரிப்புத் திட்டமும் உங்களிடம் இருக்க வேண்டும். பொதுவாக ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள்தான் இந்த ஏற்பாட்டில் வருகிறார்கள். அவர்களுக்கு நினைவு இருக்கும். சொந்த வீடு எங்கே என்று தெரியும். 2016 வழிகாட்டு நெறிகளின்படி ஐந்து ஆண்டு வளர்த்தபின்தான் தத்துக்குக் கேட்க முடிந்தது. 2024இல் அதை இரண்டு ஆண்டாகக் குறைத்தார்கள்.

இரண்டாம் படி: நோட்டு

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் மேரி டோசியர் என்றொரு உளவியலாளர். அவரும் உடன் பணியாற்றியவர்களும், புதிதாக வளர்ப்புத் தாயிடம் வந்த சிறு குழந்தைகளை ஆராய்ந்தபோது, தாய்மார்களிடம் ஒரு டைரியைக் கொடுத்தார்கள். அன்றாடம் நடப்பதை எல்லாம் எழுத வேண்டாம். குழந்தைக்கு அடிபட்டபோது, பயந்தபோது, தாயைப் பிரிந்திருந்து மறுபடி பார்த்தபோது, இந்த மூன்று தருணங்கள் மட்டும் போதும். குழந்தை என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதற்குக் குழந்தை என்ன செய்தது.

ஏறக்குறைய ஒரு வயதுக்குள் வந்த குழந்தைகள் சில வாரங்களிலேயே, அடிபட்டால் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு வந்தவற்றில் பல குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன, தள்ளிவிட்டன. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். எதிர்பாராதது, குழந்தை தள்ளிவிடத் தள்ளிவிட, தாய்மார்களும் மெல்ல விலகிப் போனார்கள் என்பது. 'இதுக்கு நான் தேவையில்லை போல' என்று கை தானாகப் பின்வாங்குகிறது. நல்ல தாய்மார்களுக்கும் இதுதான் நடந்தது.

இதிலிருந்து டோசியர் ஒரு பயிற்சியை உருவாக்கினார். பத்து அமர்வு, எல்லாம் வீட்டிலேயே. குழந்தை தள்ளிவிட்டாலும் ஆறுதல் சொல்லப் போவது, விளையாட்டில் குழந்தை முன்னே போக நாம் பின்னே போவது, குரலாலோ முகத்தாலோ பயமுறுத்தாமல் இருப்பது, சாரம் இவ்வளவுதான். குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது, பயிற்சி பெற்ற வீடுகளில் பாதுகாப்பான ஒட்டுதல், அதாவது பயந்தால் பெரியவரிடம் வந்து ஆறுதல் பெறுவது, அதிகக் குழந்தைகளிடம் தெரிந்தது. கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அன்றாட ஏற்ற இறக்கமும் இயல்பை நெருங்கியிருந்தது.

நான் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி அந்த மூன்று தருணங்களை எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"செவ்வாய் மாலை. பால்கனிக் கதவில் விரல் நசுங்கியது. அழவில்லை. சுவரைப் பார்த்து நின்றாள். பக்கத்தில் போனேன், நகர்ந்தாள். இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்து 'வலிக்குமே' என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. பத்து நிமிடம் இருக்கும். திரும்பாமலே விரலை மட்டும் என் பக்கம் நீட்டினாள்."

இதற்கு மூன்று வாரம் முன்னால் எழுதிய பக்கத்தில், "விழுந்தாள், அழவில்லை, தைரியசாலி" என்று ஒரே வரி. என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாமல் எழுதினால் அப்படித்தான் ஆகும்.

நோட்டில் காரணம் எழுதாதீர்கள். "பிடிவாதம்", "அடம்", "வேணும்னே செய்றா" என்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். தினமும் எழுத வேண்டும் என்றும் இல்லை. நான் வாரத்துக்கு நாலு நாள் எழுதினாலே அதிகம்.

மூன்றாம் படி: தேடுவது

கூகுளில் "குழந்தை ஏன் பொய் சொல்கிறது" என்று போட்டால் வருவது பெரும்பாலும் யாரோ எதையோ விற்கும் பக்கம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் தளங்களான பப்மெட், கூகுள் ஸ்காலர் இரண்டிலும் தேடுங்கள். இரண்டும் இலவசம். இந்த விஷயத்தில் தமிழில் தேடினால் அகப்படுவது குறைவு, ஆங்கிலச் சொற்களைத்தான் போட வேண்டியிருக்கும். அடாப்ஷன் (தத்து), ஃபாஸ்டர் கேர் (வளர்ப்புப் பராமரிப்பு), கின்ஷிப் கேர் (உறவினர் வளர்ப்பது) என்ற மூன்றில் உங்களுடையது எதுவோ அது, அதனுடன் நோட்டில் எழுதிய நடத்தை, கடைசியில் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ'. அந்தக் கடைசிச் சொல் போட்டால் தனித்தனி ஆய்வுகளுக்குப் பதில், பல ஆய்வுகளைத் திரட்டி அலசிய கட்டுரைகள் மேலே வரும். புதிதாகப் படிப்பவர்கள் அங்கிருந்து தொடங்குவதே நல்லது. இப்படி ஆய்வுகளைத் திரட்டி அலசுவதையே வேலையாகக் கொண்ட காக்ரேன் அமைப்பின் தொகுப்புரைகளில், நம்மைப் போன்றவர்களுக்கென்றே எளிய மொழிச் சுருக்கம் ஒன்று இருக்கும். அதைப் படிக்கக் காசு கிடையாது.

முழுக் கட்டுரை பணம் கேட்டால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். முதல் பக்கத்திலேயே முகவரி இருக்கும். நான் நாலு பேருக்கு எழுதினேன், மூன்று பேர் அனுப்பினார்கள். ஒருவர் குழந்தையையும் விசாரித்திருந்தார்.

நான்காம் படி: எடைபோடுவது

இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன். ருமேனியாவைப் பற்றிச் சொன்னால் எப்படி என்று புரியும்.

சர்வாதிகாரி சௌசெஸ்கு 1989இல் வீழ்ந்தபோது, ருமேனியாவின் அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். பல இடங்களில் நாள் முழுக்கத் தொட்டிலில் கிடந்த குழந்தைகள். தூக்கிப் பேச ஆள் கிடையாது. இந்தக் குழந்தைகளை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன, இந்தத் துறையில் எதைப் படித்தாலும் இந்த இரண்டும் எட்டிப் பார்க்கும். ஒன்று பிரிட்டனில் மைக்கேல் ரட்டர் தொடங்கியது. அங்கே தத்து வந்த 165 ருமேனியக் குழந்தைகளைச் சிறு வயதிலிருந்து இளைஞராகும் வரை பின்தொடர்ந்தார்கள். மற்றது அமெரிக்க ஆய்வாளர்கள் புக்காரெஸ்ட் நகரில் நடத்தியது. ஆறு இல்லங்களைச் சேர்ந்த 136 குழந்தைகள், வயது ஆறு மாதத்திலிருந்து 31 மாதம் வரை. பாதிப் பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து வளர்ப்பு வீடுகளுக்கு அனுப்பினார்கள். அந்த ஊரில் அப்போது வளர்ப்பு வீடு என்ற ஏற்பாடே அநேகமாகக் கிடையாது, ஆய்வாளர்களே ஆள் பிடித்துப் பயிற்சி கொடுத்து உருவாக்கினார்கள். மீதிப் பேரை விட்டுவிட்டார்களே என்ற அறச்சங்கடத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். எனக்கும் அதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது.

புக்காரெஸ்டில், வீட்டுக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி இல்லத்தில் இருந்தவர்களைவிட மேலாக இருந்தது. இரண்டு வயதுக்குள் போனவர்கள் ஒட்டுதலிலும் நன்றாகத் தேறினார்கள். பிரிட்டனில், ஆறு மாதத்துக்குள் இல்லத்தை விட்டு வந்தவர்கள் பிற்பாடு மற்றப் பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்குக் கவனக்குறைவும் பழகுவதில் சிக்கலும் இளமைப் பருவம் வரை தொடர்ந்தன. ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எந்தக் கட்டத்திலும் எந்தச் சிக்கலும் இல்லை. அறிவுத் திறனில் பின்தங்கியிருந்தவர்களும் இளைஞரானபோது எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

இதை ராத்திரி இரண்டு மணிக்குப் படித்தவன் என்ன நினைப்பான்? 'ஆறு மாதம் தாண்டிவிட்டதே, போச்சு' என்றுதான் நினைத்தேன். மறுநாள் நிதானமாகப் படித்தபோது கேள்விகள் வந்தன. அந்தத் தொட்டில் அறையும் என் மகள் இருந்த இல்லமும் ஒன்றா? ஆயா தூக்கிக் கொஞ்சியிருக்கிறார், பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். இந்த ஆய்வு அளந்தது கடுமையான புறக்கணிப்பின் விளைவை. 'இல்லம்' என்ற சொல் ஒன்றாக இருப்பதாலேயே விளைவும் ஒன்றாகிவிடாது.

எந்த ஆய்வைப் பார்த்தாலும் நான் கேட்பது இவ்வளவுதான். இதில் இருந்த குழந்தைகள் என் குழந்தையைப் போன்றவர்களா? யாரோடு ஒப்பிட்டார்கள்? தத்துக் குழந்தையைப் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டால் ஒரு விடை வரும். இல்லத்திலேயே தங்கிவிட்ட குழந்தையோடு ஒப்பிட்டால் நேர் எதிரான விடை வரும். பத்திரிகைத் தலைப்பு எதை எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். கடைசியாக, இதில் பெரியவர்கள் செய்யக்கூடியது ஏதாவது சொல்லியிருக்கிறதா? இல்லையென்றால் மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஐந்தாம் படி: ஒன்றே ஒன்று, இரண்டு வாரம்

படித்ததையெல்லாம் ஒரே சமயத்தில் செய்து பார்த்தால் எது வேலை செய்தது என்று தெரியாது, வீடும் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும். ஒன்றை எடுத்து இரண்டு வாரம் செய்யுங்கள்.

நாங்கள் முதலில் எடுத்தது இட்லி விவகாரம். உணவைப் பதுக்குவது, வயிறு நிறைந்தபின்னும் சாப்பிட்டுக்கொண்டே இருப்பது, இதெல்லாம் பற்றாக்குறையில் இருந்த குழந்தைகளிடம் அடிக்கடி பார்க்கக்கூடியது என்று இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். அவர்கள் சொல்லும் வழி, பூட்டி வைக்காதே, திட்டாதே, சாப்பாடு எப்போதும் இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும்படி வை என்பது. இது அனுபவத்தில் வந்த அறிவு. குலுக்கல் போட்டுச் சோதித்ததில்லை. ஆனால் தவறிப்போனாலும் நஷ்டம் ஒரு டப்பா பொட்டுக்கடலை. அப்படிப்பட்ட யோசனைக்கு ஆதாரம் கொஞ்சம் மெலிந்திருந்தாலும் செய்து பார்க்கலாம். மருந்து, சிகிச்சை என்றால் அப்படி விடக் கூடாது.

அடுப்படியில் அவள் கைக்கெட்டும் அலமாரித் தட்டில் மூடி போட்ட டப்பா ஒன்றை வைத்தோம். பொட்டுக்கடலை, அவல், பக்கத்தில் இரண்டு வாழைப்பழம். "இது உன் டப்பா. தீர்ந்தா அப்பாகிட்ட சொல்லு." முதல் வாரம் ஒரு நாளைக்கு ஐந்து முறை நிரப்பினேன். என் அம்மா, "இப்படிக் கொடுத்தா வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எட்டாம் நாள் மூன்று முறை. பதிமூன்றாம் நாள் நோட்டில், "சாயங்காலம் டப்பாவில் பாதி மீதம்" என்று இருக்கிறது. தலையணைக்குள் பதுக்குவது முழுசாக நிற்க மேலும் மூன்று மாதம் ஆயிற்று.

இரண்டாவதாக எடுத்தது இன்னும் கஷ்டம். வந்த முதல் மாதம் யார் கை நீட்டினாலும் மகள் போய்விடுவாள். சீமந்த வீடு ஒன்றில் முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் மடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். "புதுமுகம்னு பாக்கல பாரு, என்ன சமத்து!" அந்தச் 'சமத்து' என்ற சொல்லில்தான் சிக்கல். யாரிடமும் வேறுபாடு இல்லாமல் போவதை லண்டன் இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளிடம் உளவியலாளர் பார்பரா டிசார்ட் 1970களிலேயே கவனித்து எழுதினார். ருமேனிய ஆய்வுகளிலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. யார் எனக்குரிய ஆள் என்று குழந்தைக்கு இன்னும் தெரியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு விதி வைத்தோம். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, அழுதால் தூக்குவது எல்லாம் நாங்கள் இருவர் மட்டும். மற்றவர்கள் விளையாடலாம், கதை சொல்லலாம். தமிழ்க் குடும்பத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள்! பெரியப்பா ஒருவர் இரண்டு மாதம் பேசவில்லை. "டாக்டர் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதை எந்த ஆய்வுக்கும் கிடையாது.

சொல்வது

"எப்ப சொல்றது?" என்றுதான் தத்தெடுத்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிராட்ஜின்ஸ்கி 1980களில் குழந்தைகளிடமே கேட்டுப் பார்த்தார். நாலைந்து வயதில், தன்னைத் தத்தெடுத்த கதையைக் குழந்தை அழகாக ஒப்பிக்கும், ஆனால் அர்த்தம் தெரியாது. ஆறேழு வயதுக்குப் பிறகுதான், என்னை ஒருவர் எடுத்தார் என்றால் இன்னொருவர் விட்டிருக்கிறார் என்ற மறுபக்கம் பிடிபடுகிறது. வருத்தமும் கோபமும் அப்போதுதான் வரும். மூன்று வயதிலேயே சொல்லிவிட்டோம், பிரச்சினை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தவர்கள், எட்டு வயதில் பிள்ளை திடீரென்று முரண்டு பிடிக்கும்போது திகைத்துப்போகிறார்கள். ஆகவே ஒரே நாளில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய ரகசியமாக இதை வளர்க்காதீர்கள். சின்ன வயதிலிருந்தே வீட்டில் புழங்கும் பேச்சாக இருக்கட்டும். வயதுக்குத் தகுந்தபடி மறுபடி மறுபடி வரட்டும்.

பேச்சைத் தொடங்கும் வேலை நம்முடையது. பிள்ளை கேட்கவில்லை என்றால் யோசிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் "உன்னைப் பெத்த அம்மா" என்றே சொல்கிறோம். "உண்மையான அம்மா" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே "பெத்த அம்மா" என்று திருத்திவிடுவோம். "உன்னை வேண்டாம்னு விட்டுட்டாங்க" என்பதும் "உன் நல்லதுக்காகத்தான் கொடுத்தாங்க" என்பதும் நமக்குத் தெரியாத விஷயங்கள். தெரிந்ததை மட்டும் சொல்கிறோம். "அவங்களால வளர்க்க முடியாத நிலைமை. என்ன நிலைமைன்னு எங்களுக்கும் தெரியாது." பதினெட்டு வயதுக்குப் பிறகு வேர்களைத் தேட விரும்பினால் தானே விண்ணப்பிக்கலாம் என்று தத்து விதிகளில் இருக்கிறது, அதையும் சொல்லியிருக்கிறோம்.

தத்துப் பிள்ளைகளின் தன்மதிப்பு மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறோம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஃபெம்மி யுஃபரும் மரினஸ் வான் ஐசன்டோர்னும் 2007இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது அப்படி வித்தியாசம் இல்லை. இதை அச்செடுத்து என் மாமனாருக்குக் கொடுத்தேன்.

பள்ளியில் 'குடும்ப மரம்' வரையச் சொல்வார்கள், கைக்குழந்தைப் புகைப்படம் கொண்டுவரச் சொல்வார்கள். ஜூன் மாதமே ஆசிரியரைப் பார்த்து, அப்படி ஏதாவது கொடுப்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்னால் எங்களிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தாத்தா பாட்டி, சித்தி, மாமா வளர்த்தால்

இதுதான் நம் ஊரில் அதிகம், இதற்குத்தான் உதவி குறைவு. சித்தி வீட்டில் வளர்வதை நாம் 'பராமரிப்பு' என்று நினைப்பதே இல்லையே. உறவினரிடம் வளரும் குழந்தைகளைப் பற்றி 2014இல் வந்த காக்ரேன் தொகுப்புரை 102 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அறியாதவர் வீட்டில் வளர்ந்தவர்களைவிட உறவினர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நடத்தைச் சிக்கலும் மனநலச் சிக்கலும் குறைவு, அடிக்கடி வீடு மாறுவதும் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் நான்காம் படியை இதற்கும் போட்டுப் பாருங்கள். இதில் எதுவும் குலுக்கல் ஆய்வு இல்லை, குழந்தையை யாரிடம் விடுவது என்று சீட்டுப் போட்டுத் தீர்மானிக்க முடியுமா? முதலிலிருந்தே சிக்கல் குறைந்த குழந்தைகளை உறவினர் எடுத்திருக்கலாம். பெரும்பாலானவை அமெரிக்க ஆய்வுகள் வேறு. இன்னொன்றையும் அந்தத் தொகுப்புரை காட்டியது. உறவினர் வீட்டுக் குழந்தைகள் மனநலச் சேவைகளை அடைவது குறைவு. ஓரளவுக்குத் தேவை குறைவு என்று சொல்லலாம். கேட்பதற்கே கூச்சப்படுகிறார்கள் என்பதும் இருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி, மகள் இறந்தபின் பேரன்கள் இருவரை வளர்க்கிறார். அதில் ஒரு பையன் ராத்திரியில் அழுகிறான் என்று என்னிடம் யோசனை கேட்க வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவரும் அழுதார். அந்த வீட்டில் ஒரே சாவுக்குத் துக்கப்படுபவர்கள் மூன்று பேர். அம்மாவின் படத்தைப் பையன் கேட்பான் என்று பாட்டி பரணில் எடுத்து வைத்துவிட்டார். அவருக்கே அதைப் பார்க்க முடியவில்லை. படத்தை இறக்கிப் பையன் கண்ணுக்குப் படுகிற இடத்தில் மாட்டச் சொன்னேன். அதற்கு அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. அவசரப்படுத்தவில்லை.

பண விஷயம்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆட்சியர் அலுவலகத்தைச் சார்ந்து இயங்குவது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம், வருமான வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் 2025இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், குழந்தையின் ஆதார், பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 1098க்குப் போன் செய்து கேளுங்கள். நிரந்தரமாகவே எடுத்துக்கொள்வதாக இருந்தால், உறவினர் தத்துக்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது.

விலகி நிற்க வேண்டியவை

'ஒட்டுதல் சிகிச்சை' என்ற பெயரில், குழந்தையை அமுக்கிப் பிடித்துக் கண்ணைப் பார்க்க வைப்பது, போர்வையில் சுற்றி 'மறுபிறப்பு' எடுக்க வைப்பது போன்றவை சில காலம் அமெரிக்காவில் ஓடின. 2000இல் கொலராடோ மாநிலத்தில், தத்தெடுக்கப்பட்ட பத்து வயதுச் சிறுமி அப்படி ஒரு அமர்வில் மூச்சுத் திணறி இறந்தாள். நடத்தியவர்கள் சிறைக்குப் போனார்கள், அந்த மாநிலம் அந்த முறையைத் தடை செய்தது. ஒட்டுதல் ஆய்வின் சொற்களைத்தான் அவர்களும் பயன்படுத்தினார்கள், ஆய்வுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. குழந்தையின் விருப்பத்தை மீறித் தொடுவது, பட்டினி போடுவது, தனி அறையில் அடைப்பது, இவற்றில் எதைச் சிகிச்சை என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். எத்தனை பட்டம் பெயருக்குப் பின்னால் இருந்தாலும் சரி.

மருத்துவரிடம் போகும்போது

நோட்டை எடுத்துப் போங்கள், ஆனால் முழுசாகப் படித்துக் காட்டாதீர்கள். அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன நடக்கிறது, வாரத்துக்கு எத்தனை முறை, எப்போதிலிருந்து, நாங்கள் என்ன செய்து பார்த்தோம். பத்து நிமிடத்தில் அவரால் எடுத்துக்கொள்ள முடிவது அவ்வளவுதான். காதும் கண்ணும் முதலில் சோதித்துவிடுங்கள். ஆறு மாதம் 'சொன்ன பேச்சு கேட்பதில்லை' என்று திட்டு வாங்கிய ஒரு பையனுக்கு இடது காதில் சீழ் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பெண் குழந்தை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப் போன 107 சிறுமிகளைப் பற்றி 1991இல் ஓர் ஆய்வு வந்தது. பலர் மெலிந்து, உயரம் குறைந்து போனவர்கள், போனபின் மளமளவென்று வளர்ந்தார்கள். ஆனால் சராசரியாக 11.6 வயதிலேயே பூப்பெய்தினார்கள், எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். சிலர் அதைவிட முன்னதாகவும். வேகமாக எட்டிப் பிடித்த வளர்ச்சிக்கும் சீக்கிரப் பருவத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வாளர்கள் கருதினார்கள். அது நாடு மாறிப் போன குழந்தைகள், நம் வீட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். தவிர, இல்லத்திலிருந்து வரும் குழந்தையின் பிறந்த தேதியே மருத்துவர் பல்லையும் எலும்பையும் பார்த்துக் கணித்ததாக இருக்கலாம். ஆனாலும் மகளுக்கு ஏழு வயதானபோது குழந்தை மருத்துவரிடம் இதைக் கேட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து கொண்டு வாருங்கள், திடீரென்று எகிறினால் பார்ப்போம் என்றார்.

அளப்பது அடுப்படிக் கதவு நிலையில். முதல் கோடு 88 சென்டிமீட்டரில், பென்சிலில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் டப்பா வைத்த தட்டு. இப்போது அதில் அவளுடைய பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில் இருக்கிறது.